கோடை உச்சத்தில் தீம் பார்க்: தேதியை மாற்ற முடியாது, வெயிலை எப்படிச் சமாளிப்பது?

நிழல்தேடி கேட்கிறார்:

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் எங்கள் இருவருடைய அலுவலக விடுப்பும் ஒன்றுசேர்ந்த ஒரே வாரம், கோடையின் உச்சியில் போய் அமர்ந்துகொண்டது. தீம் பார்க்குக்குத் தொடர்ச்சியாகச் சில நாட்களுக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. பணம் திரும்பாது, தேதியும் மாறாது. விதிமுறைகளை வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டேன். அந்த வாரம் 36 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 சதவீதம் என்கிறது முன்னறிவிப்பு.

எங்கள் படையின் விவரம்: அப்பாவுக்கு எழுபது வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்; அதில் ஒன்று சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் வகை. "நான் பார்க்காத வெயிலா?" என்பது அவருடைய நிரந்தரப் பதில். மனைவிக்கு வெயில் பட்டால் ஒற்றைத் தலைவலி வரும். ஒன்பது வயது மகள், உயரக் கட்டுப்பாட்டைத் தாண்டிவிட்ட மிதப்பில் எல்லா ரோலர் கோஸ்டரிலும் ஏறியே தீருவேன் என்று பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள். மூன்று வயது மகன் தள்ளுவண்டியில் வருவான். தூக்கம் கெட்டால் ஊரையே கூட்டிவிடுவான். நான் நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையில் வேலை பார்ப்பவன்.

யாரைக் கேட்டாலும் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை. நிறைய என்றால் எவ்வளவு? எப்போது உள்ளே போவது, எப்போது வெளியேறுவது? கழுத்தில் மாட்டும் சின்ன மின்விசிறி உண்மையில் பயன்படுமா, வெறும் பொம்மையா? எந்தக் கட்டத்தில் "போதும், கிளம்பலாம்" என்று சொல்ல வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய நெம்புகோல் எழுதுகிறார்:

ரைடு இயக்குபவனாகப் பல கோடைகளை வெட்டவெளியில் நின்றே கழித்தவன் நான். எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள். எல்லாப் பூங்காவிலும் ஒரே கதைதான்.

உங்களை வாட்டப்போவது ரைடு அல்ல. ரைடு இரண்டு, மூன்று நிமிடம். அதில் காற்றாவது அடிக்கும். அதற்காக நிற்கும் ஒரு மணி நேர வரிசைதான் ஆளைச் சாய்க்கிறது. ஆகவே எந்த ரைடு நன்றாக இருக்கும் என்று பார்ப்பதோடு நில்லாமல், எந்த வரிசைக்குக் கூரை இருக்கிறது, எது குளிரூட்டிய கட்டடத்துக்குள் வளைந்து வளைந்து போகிறது, எது மொட்டை வெயிலில் கம்பிகளுக்கு நடுவே நிற்க வைக்கிறது என்றும் பாருங்கள். வரைபடம் இதைச் சொல்லாது. வாயிலில் நிற்கும் ஊழியரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மக்கள் அவரிடம் கழிவறை எங்கே என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

வாயில் திறப்பதற்கு அரை மணி முன்பே அங்கே இருங்கள். மகளுடைய பட்டியலில் வெட்டவெளி வரிசை உள்ள ரோலர் கோஸ்டர்களை எல்லாம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் கூரை உள்ளவை, கட்டடத்துக்குள் ஓடுபவை. பதினொன்றரைக்கு வெளியேறி விடுதிக்குப் போய்க் குளியுங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள். மாலை ஐந்து மணிக்குத் திரும்புங்கள். கொடுத்த காசுக்கு நாள் முழுவதும் உள்ளேயே இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம்தான் பிற்பகலில் முதலுதவி அறையை நிரப்புகிறது. பெரிய பூங்காக்கள் பலவற்றில் வெளியே போய்விட்டு அதே நாளில் மறுபடி நுழையலாம். உங்கள் டிக்கெட்டில் அதற்கு இடம் உண்டா என்று இப்போதே பாருங்கள். இந்தத் திட்டமே அதன்மேல்தான் நிற்கிறது.

நண்பகலோடு உச்சம் கழிந்துவிடும், இரண்டு மணிக்குத் தணிந்துவிடும் என்று நம்பாதீர்கள். சூரியன் உச்சியில் இருப்பது நண்பகலில். காற்றின் வெப்பம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் மூன்று, நான்கு மணிக்கு. அதுவரை தரை வாங்கிக்கொண்டே இருக்கிறது, வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கிறது.

அடுத்து அந்த 36 டிகிரி. வானிலை ஆய்வாளர்கள் அதை நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானியில் அளக்கிறார்கள். அதோடு 50 சதவீத ஈரப்பதத்தைச் சேர்த்தால் உடல் உணர்வது ஏறத்தாழ 43 டிகிரி. அந்தக் கணக்கும் நிழலுக்குத்தான். நேர் வெயிலில் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம் என்று அமெரிக்க வானிலைச் சேவையே எச்சரிக்கிறது. நீங்கள் நிற்கப்போவது தார்மீதும் சிமென்ட்மீதும். வெயில் நாளில் தார்த் தரை 60 டிகிரியைத் தாண்டுவது வழக்கமான விஷயம். தரைக்கு அருகே தள்ளுவண்டியில் உட்கார்ந்திருப்பவன் உங்கள் மகன் என்பதை மறக்க வேண்டாம்.

பூங்காக்களுக்கும் வெயிலுக்கும் பகை இன்று நேற்று வந்ததல்ல. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனாஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது வெப்பம் 38 டிகிரியை ஒட்டி இருந்தது. அவசரமாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் கழிவறைகளா, குடிநீர்க் குழாய்களா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை, கழிவறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று குடிநீர் கிடைக்கிறது. தார் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

வரிசையில் மயங்கி விழுகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நடந்துகொண்டிருப்பவர்கள் அப்படி விழுந்து நான் அதிகம் பார்த்ததில்லை, நின்றுகொண்டிருப்பவர்கள்தான் விழுவார்கள். வெப்பத்தை வெளியேற்றத் தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அசையாமல் நின்றால் ரத்தம் கால்களில் தங்கிவிடுகிறது, மூளைக்குப் போகும் அளவு குறைகிறது, ஆள் சரிகிறார். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். ஆகவே வரிசையில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுங்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். கண் இருட்டினால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள், கூச்சம் பார்க்காதீர்கள். தலை சுற்றிய பிறகு, இவ்வளவு நேரம் நின்றுவிட்டோமே என்பதற்காக மட்டும் ரோலர் கோஸ்டரில் ஏறாதீர்கள். வரிசையை விட்டு விலக வேண்டும் என்று ஊழியரிடம் சொன்னால் பக்கவழியைத் திறந்துவிடுவார். அதற்காகவும்தான் அங்கே நிற்கிறார்.

இன்னும் சில. தண்ணீர் ரைடுகளுக்கு எல்லோரும் இரண்டு மணிக்குத்தான் ஓடுவார்கள், வரிசையும் அப்போதுதான் நீளும். பத்து மணிக்குப் போங்கள், அல்லது வெளியேறுவதற்குச் சற்று முன் போங்கள். நனைந்த காலுறையோடு நாள் முழுக்க நடந்தால் கொப்புளம் நிச்சயம். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி லாக்கரில் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் ரைடுகளின் இருக்கைக் கொக்கியையும் கம்பியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மகளை உட்கார வையுங்கள். கோடையில் பிற்பகல் இடிமழை உண்டு. மின்னல் கண்டதும் வெட்டவெளி ரைடுகள் நிற்கும். மழை விட்ட அரை மணிக்குப் பிறகு காற்றும் தணிந்திருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும். எனக்குப் பிடித்த நேரம் அது.

டிக்கெட் செல்பேசியில் மட்டும் இருந்தால் காகிதத்தில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோனை 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். நேர் வெயிலில் பிடித்துக்கொண்டிருந்தால் திரை மங்கும், பிறகு எச்சரிக்கை காட்டிப் படுத்துவிடும். அதைக் குளிரவைக்க ஐஸ் மேல் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் சேரும். நிழலில் அணைத்து வைத்தால் போதும்.

சும்மா ஒருவர் எழுதுகிறார்:

பணம் போனால் போகட்டும், போகாமல் இருந்துவிடுங்கள். எழுபது வயதுக்காரரையும் மூன்று வயதுப் பிள்ளையையும் 43 டிகிரியில் நிறுத்தி என்ன மகிழ்ச்சி காணப்போகிறீர்கள்? நீச்சல் குளம் உள்ள விடுதியில் படுத்துக்கிடந்தாலும் விடுமுறை விடுமுறைதான்.

நிழல்தேடி எழுதுகிறார்:

ஐயா, பாதி நாள் நீங்கள் சொன்னபடிதான் நடக்கப்போகிறது. மீதி பாதியை விட்டுத்தர மகள் ஒப்புக்கொள்ள மாட்டாள். பழைய நெம்புகோல் அவர்களே, மறுநுழைவு உண்டு என்பதை உறுதி செய்துவிட்டேன். அப்பாவின் மாத்திரை பற்றி யாராவது சொல்வீர்களா?

இரவுப்பணி எழுதுகிறார்:

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கோடையில் எங்களிடம் வருகிறவர்களில் "நான் பார்க்காத வெயிலா" என்று சொன்ன பெரியவர்கள் ஒரு தனிக் கூட்டம்.

உங்கள் தந்தை சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்கும். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது, வியர்வை குறைகிறது, தோலுக்கு ரத்தத்தை அனுப்பி வெப்பத்தை வெளியேற்றும் திறனும் குறைகிறது. அதோடு சிறுநீரைப் பிரியவைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் உடலில் நீரும் உப்பும் வேகமாக இறங்கும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையும் இருந்தால், வெப்பத்துக்கு ஏற்ப இதயம் வேகமெடுப்பதையும் அது தடுக்கும். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரமே மருத்துவரைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அந்த நாட்களில் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமா? ஒரு நாளைக்கு அவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் "நிறையக் குடியுங்கள்" என்ற அறிவுரையே தவறாகிவிடும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் கடையில் வாங்கும் தூக்கம் வரவழைக்கும் பழைய வகை மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கக்கூடியவை. பயணத்தில் அவற்றைத் தவிருங்கள். யாருக்காவது இன்சுலின் தேவைப்பட்டால் அது வெயிலில் கெட்டுவிடும், குளிர்காப்புப் பையில்தான் வர வேண்டும்.

நிறைய என்றால் எவ்வளவு என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. வெயிலில் உழைக்கும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லும் அளவு, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை சுமார் 240 மில்லிலிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 1.4 லிட்டரைத் தாண்டக் கூடாது என்று மேல் எல்லையும் வைத்திருக்கிறார்கள். எல்லை எதற்கு என்றால், வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அதன் அறிகுறிகளும் வெயில் தாக்கியது போலவே இருப்பதால் ஆட்கள் இன்னும் குடிப்பார்கள். வேளைக்கு உணவு சாப்பிடுகிறவருக்கு உப்பு உணவிலேயே கிடைத்துவிடும். பசி இல்லை என்று உணவைத் தவிர்ப்பவருக்கும், மணிக்கணக்கில் வியர்ப்பவருக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் நல்லது. உங்கள் தந்தைக்கு அதையும் மருத்துவரைக் கேட்டபின் கொடுங்கள், அதில் உப்பு இருக்கிறது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்தால் குறைவாகக் குடிக்கிறீர்கள்.

கழுத்து மின்விசிறி பற்றி. நம்மைக் குளிர்விப்பது ஆவியாகும் வியர்வைதான். வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் பயன் இல்லை. தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருந்தால் விசிறி உங்கள்மேல் வெப்பத்தை ஊதுகிறது. ஈரத்தை ஆவியாக்குகிற வரையில் மட்டும் லாபம். 40 டிகிரிக்கு மேல் மின்விசிறி உடலைச் சூடேற்றும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. உங்கள் 36 டிகிரியில், முகத்திலும் கழுத்திலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு விசிறியைப் போட்டால் ஓரளவு பயன்படும். உலர்ந்த தோலில் அது பொம்மைதான்.

அதைவிட நான் நம்புவது கைகளை. உள்ளங்கையில் வெப்பத்தை வேகமாக வெளியேற்றும் சிறப்பு ரத்தக் குழாய் இணைப்புகள் உண்டு. தீயணைப்பு வீரர்களை இடைவேளையில் முன்கைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வைக்கச் சொல்வது இதனால்தான். குளிரூட்டிய உணவகத்தில் உட்காரும்போதெல்லாம் குளிர்ந்த பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்துக்கொள்ளுங்கள். கழிவறைக் குழாயில் குளிர்ந்த நீர் வந்தால் முழங்கை வரை பத்து நிமிடம் காட்டுங்கள்.

எப்போது கிளம்புவது என்பதற்கு இரண்டு நிலைகள். தலைவலி, குமட்டல், சோர்வு, தசைப்பிடிப்பு, காரணமில்லாத எரிச்சல், இவற்றில் எது வந்தாலும் குளிர்ந்த இடத்துக்குப் போக வேண்டும், அன்றைய வெயில் அவருக்கு முடிந்தது. அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டாலும் திரும்ப வெயிலுக்கு வர வேண்டாம். இரண்டாவது நிலை வேறு: பேச்சு குழறுவது, இடம் தெரியாமல் விழிப்பது, நடை தள்ளாடுவது, வலிப்பு. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை பாதிக்கப்படுகிறது என்று பொருள். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. ஆள் தொப்பலாக நனைந்திருந்தாலும் இது உயிருக்கே ஆபத்தான வெப்ப வாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். ஊழியரைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் கேளுங்கள். அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள்: நிழலுக்கு நகர்த்தி, மேலாடையைத் தளர்த்தி, கையில் கிடைக்கும் தண்ணீரை எல்லாம் உடலில் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். குழப்பத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்கு உதவாது, இது காய்ச்சல் அல்ல.

கடைசியாக, நண்பரே, உங்களைப் பற்றி. தந்தையைப் பற்றியே கேட்கிறீர்கள். ஆண்டு முழுக்கக் குளிரறையில் இருப்பவரும் ஆபத்தில்தான் இருக்கிறார். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். இன்றிலிருந்தே மாலை வெக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கத் தொடங்குங்கள்.

ரெட்டைவால் அம்மா எழுதுகிறார்:

பெரியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் தள்ளுவண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிள்ளை தூங்கட்டும் என்று வண்டியின்மேல் துணியைப் போர்த்தி மூடாதீர்கள். உள்ளே காற்று நின்று அடுப்பாகிவிடும். நிழல் வேண்டுமானால் வண்டியில் குடையைக் கட்டுங்கள், நான்கு பக்கமும் காற்று போக வேண்டும். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு ரைடுக்குப் போனீர்கள் என்றால் திரும்பி வந்ததும் இருக்கையையும் கொக்கியையும் ஈரத்துணியால் துடைத்த பிறகே பிள்ளையை உட்கார வையுங்கள். சாப்பாட்டுக்காகக் காருக்குப் போனாலும் ஒரு நிமிடம்கூட அவனைக் காரில் விடாதீர்கள். மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து, பதினொரு டிகிரி ஏறிவிடும்.

மூன்று வயதுப் பிள்ளை தாகம் என்று சொல்லாது, அழும். சிறுநீர் போய் எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்துக்கொண்டே இருங்கள். சன்ஸ்கிரீனைக் கிளம்புவதற்கு முன்பே, விடுதியிலேயே தடவிவிடுங்கள். வரிசையில் நெளிகிற பிள்ளைக்குத் தடவுவது தனித் தண்டனை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும், தண்ணீர் ரைடுக்குப் பிறகு உடனே. நீர்விளையாட்டுப் பகுதியில் பிள்ளைகள் வெறுங்காலோடு சிமென்டில் ஓடுவார்கள், பாதம் வெந்துவிடும். தண்ணீரில் போடும் செருப்பு வாங்குங்கள்.

உங்கள் மனைவிக்கு அகன்ற விளிம்புள்ள தொப்பியும் நல்ல கறுப்புக் கண்ணாடியும். அந்தத் தலைவலிக்காரி நானும்தான், கண்ணில் குத்தும் வெளிச்சம்தான் பாதி வினை.

நிழல்தேடி எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். இப்போது மிச்சம் இருப்பது அப்பா. தொப்பி வேண்டாம், பூங்காவில் கிடைக்கும் சக்கர நாற்காலி வேண்டவே வேண்டாம் என்கிறார். "என்னை நோயாளி ஆக்காதே" என்று கோபம். மதியம் விடுதிக்குத் திரும்பும் யோசனைக்கும் "அதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்பார், எனக்குத் தெரியும்.

பழைய நெம்புகோல் எழுதுகிறார்:

அவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். பூங்காவில் குளிரூட்டிய அரங்கு ஏதாவது ஒன்று இருக்கும். நேரடி நிகழ்ச்சியோ படமோ நடக்கும். பேத்தி ரோலர் கோஸ்டரில் ஏறும்போது, அடுத்த காட்சிக்கு முன்பே பேரனோடு உள்ளே போய் எல்லோருக்கும் இடம் பிடித்து வைக்கும் பொறுப்பு அவருடையது. பொறுப்பு என்று வந்தால் பெரியவர்கள் தட்ட மாட்டார்கள். மதியம் திரும்புவதற்குக் காரணம் பேரனுடைய தூக்கம். அவரைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். சக்கர நாற்காலிக்குப் பதிலாக, உட்கார்ந்துகொள்ள வசதியுள்ள மடக்கு ஊன்றுகோலைக் கேட்டுப் பாருங்கள். பூங்காவில் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். தொப்பியை மகள் கையால் பரிசாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வெளியேறும்போது கையில் குத்தும் முத்திரை. அதன்மேல் சன்ஸ்கிரீன் தேய்க்காதீர்கள், அழிந்துவிடும். ஐந்து மணிக்கு வாயிலில் வந்து வாதாடுகிற குடும்பங்களில் பாதி அந்த வகை.